தப்புச் சத்தத்துக்கு முன் ஒரு ஜெபம்



மலையக இலக்கியம் என்றவுடன் நாட்டார் பாடல், சிறுகதை, நாவல் என்று வரிசைப்படுத்தி, அவற்றை ஆக்கியோரின் பெயர்களைச் சொல்லி முடித்துவிடுவது நமது வழக்கம். அந்த ஆக்கங்களுக்குப் பின்னாலே ஒரு வாழ்க்கை வரலாறு இருக்கிறது. அதிலே அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை இன்று புரட்டிப் பார்க்கலாம் என எண்ணுகிறேன். தோட்டப்புறத்துக் கிறிஸ்தவத் தாயின் அன்றாடக் குடும்ப வாழ்வும், அதற்குள்ளே அவள் காத்துவந்த விசுவாசமுமே இன்றைய பொருள்.

“சைவக் குடும்பத்திலே பிறந்தவருக்கு இது எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். நான் கினிகத்தேனையிலிருந்து தினமும் இந்துக் கல்லூரியொன்றுக்குத் தமிழ் கற்பிக்கச் செல்பவள். இரண்டு பிள்ளைகளின் தாய். எனது வகுப்பிலே திருநீறு பூசிய நெற்றிகளுக்கு நடுவே கழுத்திலே சிலுவை அணிந்த பிள்ளைகளும் சிலர் உண்டு. பெற்றார் கூட்டத்துக்கு அவர்களது தாய்மார் வருவார்கள். மலையிலிருந்து நேரே வந்ததற்கு அடையாளமாகக் கைவிரல்களிலே கொழுந்துக் கறை இருக்கும். கூட்டம் முடியுமுன்பே நேரத்தைக் கேட்பார்கள். அடுப்பிலே சோற்றை வைத்துவிட்டுச் சாமி விளக்கை ஏற்றுகிற எனக்கு அந்த அவசரம் விளங்கும். ஆயினும் எனது நேரத்துக்குச் சொந்தக்காரி பெரும்பாலும் நானே. அவர்களது நேரத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர். இந்த வேறுபாடுதான் என்னை இவ்விடயத்தைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

மலையகத்துக் கிறிஸ்தவத்தின் வரலாறு என்று எழுதப்பட்டவற்றை நோக்கினால் மிஷனரிமாரின் பெயர்கள் இருக்கும். காணி கொடுத்த துரைமாரின் பெயர்கள் இருக்கும். ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டு இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கும் மறு ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட ஆறு நாட்களில் அந்த விசுவாசத்தை லயத்துக் காம்பராவுக்குள்ளே உயிரோடு வைத்திருந்தது யார் என்ற கேள்விக்கு அங்கே விடை குறைவு. தாய்தான் என்பது எனது கருத்து. அவளுடைய விசுவாசத்தின் வரலாற்றை அறிய வேண்டுமானால், அவளுடைய நேரத்தின் வரலாற்றை முதலில் அறிய வேண்டும்.

1820களிலே கண்டிச் சீமையிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருந்தோட்டமாகத் தொடங்கியது. அதற்கு வேண்டிய ஆட்கள் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் மூலம் திரட்டப்பட்டார்கள். கடலைத் தாண்டித் தலைமன்னாரிலும் அதன் சுற்றுக் கரைகளிலும் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்த கதையை இத்தொடரின் நேயர்கள் நன்கறிவார்கள். ஆரம்பத்திலே வந்தவர்களிற் பெரும்பாலானோர் ஆண்கள். கோப்பி, பருவத்துக்குப் பருவம் ஆள் கேட்கும் பயிர். அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம். 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை நாட்டினார். 1869இற் கோப்பியை இலைநோய் தாக்கத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைநாடு தேயிலைநாடு ஆயிற்று. தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆண்டு முழுவதும் கைகளைக் கேட்பது. அப்போதுதான் குடும்பம் குடும்பமாக மக்கள் இங்கே வேர்விட்டார்கள். கொழுந்து பறிக்கும் வேலை பெண்களுடையதாயிற்று. மலையகத் தாய் என்று நாம் சொல்பவள் தேயிலையோடு சேர்ந்து வரலாற்றுக்குள் வந்தவள் எனலாம்.

வந்தவர்களிலே மிகப் பெரும்பாலானோர் இந்துக்கள். மாரியம்மனையும் முனியாண்டியையும் அவர்கள் தம்மோடு கொண்டுவந்தார்கள். திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலே ஏற்கெனவே கிறிஸ்தவர்களாயிருந்த குடும்பங்களும் சிறுதொகையாக வந்தன. 1854ஆம் ஆண்டிலே தோட்டத்துரைமார் சிலரின் முன்முயற்சியாலும் சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆதரவாலும் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற அமைப்பு உருவாயிற்று. பின்னாளிலே ‘கூலி’ என்ற சொல் அப்பெயரிலிருந்து கைவிடப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசிமார் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கான செலவின் பெரும்பகுதியைத் துரைமார் சேர்த்துக் கொடுத்தார்கள். உபதேசியார் தோட்டந் தோட்டமாக நடந்து செல்வார். விடியற்காலையிலே ஆட்கள் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களமும், மாலையிலே அவர்கள் வந்து சேரும் லய வாசலுமே அவரது பிரசங்க மேடைகள். ஆள் கணக்கு எடுத்த இடத்திலேயே ஆத்துமாவைப் பற்றியும் பேசப்பட்டது. வேலை வாங்குபவரின் செலவிலே வேதம் வந்ததால், துரைக்குக் கீழ்ப்படிதலும் ஆண்டவருக்குக் கீழ்ப்படிதலும் ஒன்றென மயங்கும் இடர்ப்பாடு தொடக்கத்திலேயே இருந்தது என்பதும் நோக்கத்தக்கது.

கத்தோலிக்கரிடையே மலைநாட்டுக்கெனத் தனி நிர்வாகம் 1883இல் ஏற்பட்டது. 1886இற் கண்டி மறைமாவட்டமாயிற்று. சில்வெஸ்திரிய பெனடிக்ற் சபைத் துறவிகள் அதனைப் பொறுப்பேற்றார்கள். மெதடிஸ்தர் 1814இலேயே இலங்கைக்கு வந்தவர்கள். பின்னர் அவர்களும் மலையேறினார்கள். டிக்கோயாவிலே இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி தேவாலயம் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1884இல் அட்டனுக்குப் புகையிரதம் வந்தது. நாவலப்பிட்டியிலிருந்தும் அவிசாவளையிலிருந்தும் வரும் தெருக்கள் சந்திக்கும் எங்கள் கினிகத்தேனை, மலைக்கு ஏறுவோருக்கு ஒரு வாசற்படி போன்றது. அடைமழைக்குப் பெயர்போன வட்டவளை பக்கத்திலே இருக்கிறது. இந்த மழையிலும் மேட்டிலும் ஒரு சுவாமியார் தமது பங்கிலுள்ள தோட்டங்களையெல்லாம் சுற்றிவருவதென்றால் எத்தனை நாள் எடுக்கும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். குருவானவர் எப்போதாவது வருபவர். உபதேசியார் இடையிடையே வருபவர். அன்றாடம் வீட்டில் இருந்தவள் தாய் ஒருத்தியே. ஆனால் அந்த ‘வீட்டில்’ என்ற சொல்லும் ஆராயப்பட வேண்டியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷன் உலகம் ‘நல்ல தாய்’ என்று எவளைக் கருதியது என்பதற்கு ஒரு தமிழ்ச் சான்று உண்டு. திருநெல்வேலித் திருச்சபையின் முதல் சுதேச குருமாருள் ஒருவரான ஜோன் தேவசகாயத்தின் மகள் அன்னாள். இவர் சத்தியநாதன் ஐயரை மணந்து சென்னையிலே வாழ்ந்தவர். பெண்களுக்கான பாடசாலைகளை நடத்தினார். வீடுகளுக்குள்ளே அடைபட்டிருந்த பெண்களை வீடு தேடிச் சென்று படிப்பித்தார். பிள்ளை வளர்ப்புப் பற்றி ‘நல்ல தாய்’ என்றொரு தமிழ் நூலையும் எழுதினார். நாவலாசிரியை கிருபாபாய் சத்தியநாதன் இவரது மருமகள். ஒரு தமிழ்ப் பெண் தாய்மாருக்கென்று தமிழிலே நூல் எழுதியது அக்காலத்திற் பெருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. எந்தத் திருநெல்வேலி சென்னைக்கு இந்த அன்னாளைத் தந்ததோ, அதே திருநெல்வேலிதான் நமது மலைகளுக்கு உபதேசிமாரையும் தந்தது.

அவர்கள் கொண்டுவந்த இலட்சியத் தாய், மிஷன் வீடுகளின் தாய். வீட்டைத் துப்புரவாக வைத்து, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, வேதம் வாசித்து, ஜெபம் சொல்லிக் கொடுப்பவள். அதற்கு ஒரு வீடு வேண்டும். அதற்குள்ளே அமர்ந்திருக்க ஒரு பொழுதும் வேண்டும். தோட்டத்துத் தாய்க்குக் கிடைத்ததோ பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று. முன்னாலே ஒரு சிறு இஸ்தோப்பு. சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் சாவீடும் அதற்குள்ளேயே. பக்கத்துக் காம்பராவின் இருமல் இங்கே கேட்கும். ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணு’ என்று வேதம் சொன்னால், பூட்டுவதற்கு எந்தக் கதவு? வீடு இப்படியென்றால், பொழுது எப்படி?

அவளது நாளை எண்ணிப் பார்ப்போம். விடியற்காலை நான்கு, நாலரைக்கு எழும்ப வேண்டும். பீலித் தண்ணீர், விறகு, அடுப்பு, தேத்தண்ணீர், ரொட்டி, பகலுக்கான சாப்பாடு, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்துதல், கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்திலே ஆயம்மாவிடம் ஒப்படைத்தல். முற்காலத்தில் தப்பும், பின்னர் சங்கும் அவளைப் பிரட்டுக்குக் கூப்பிட்டன. அதன்பின் படங்கைக் கட்டிக்கொண்டு, கொங்காணியைத் தலையில் இட்டு, கூடையைத் தொங்கவிட்டு நிரையிலே ஏற வேண்டும். நாளில் இரண்டு மூன்று தடவை கொழுந்து மடுவத்திலே நிறுவை. சொல்லப்பட்ட கிலோ வராவிட்டால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான். மாலையிலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் மறுபடியும் தண்ணீர், விறகு, அடுப்பு. இந்த நாளுக்குள்ளே ஜெபத்துக்கு இடம் எங்கே? எழுந்தவுடன், தப்புச் சத்தம் கேட்குமுன், அடுப்பை ஊதிக்கொண்டே ஒரு சிறு ஜெபம். மலைக்கு ஏறும் பாதையிலே, விரல்களை மணிகளாக எண்ணி ஒரு பத்து மணி செபமாலை. இரவு, பிள்ளைகள் உறங்கி விழுமுன் ஒரு கீர்த்தனை அல்லது மாதா மன்றாட்டு. பல தாய்மாருக்கு எழுத்து வாசனை இல்லை. ஆகவே மனனம் செய்த வேதமே அவர்களின் வேதப்புத்தகம். ஜெபம் குறுகியது, கூடவே எடுத்துச்செல்லக் கூடியதாயிற்று. நிரையிலே நின்றபடி சொல்லத்தக்கதாயிற்று. விசுவாசம் குறைந்ததால் வந்த குறுக்கம் அன்று அது. நேரம் இல்லாமையால் வந்த குறுக்கம்.

அந்த நேரத்தை அவளுக்கு மீட்டுக் கொடுத்தவை எவை என்று பார்த்தால் சட்டங்களையும் போராட்டங்களையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1927ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முறையாக நிர்ணயிக்கப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம்; பெண்ணுக்கு 43 சதம். பெண்ணின் நாள் மலிவானது என்பதைச் சட்டமே எழுதிவைத்தது. இந்த வேறுபாடு நீங்கிச் சமசம்பளம் வருவதற்கு 1984 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் வேலைநிறுத்தத்தினாலேயே வந்தது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பிரசவ சகாயச் சட்டம் தாய்க்குப் பிரசவகாலப் பணத்தையும் ஓய்வையும் உரிமையாக்கியது. பின்னர் வந்த திருத்தங்களால், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டுவதற்கு நாளில் இரு இடைவேளைகள் கிடைத்தன. பிள்ளைமடுவம் இருந்தால் தலா அரை மணி. இல்லாவிட்டால் தலா ஒரு மணி. மூன்றாவது பிள்ளையிலிருந்து பிரசவ விடுமுறையைப் பாதியாக்கிய ஏற்பாடு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் என்றாயிற்று. இவையெல்லாம் தொழிற்சட்ட விடயங்கள், விசுவாசத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பாலூட்டக் கிடைக்கும் அந்த அரை மணிதான், பகல் வெளிச்சத்திலே தாயும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் பொழுது. பிள்ளையின் நெற்றியிலே சிலுவை அடையாளம் இடுவதற்கும் அதுவே பொழுது.

நேரமில்லாத தாயின் ஜெபம் மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, சார்ள்ஸ் வெஸ்லி சகோதரர்களின் தாய் சூசன்னா வெஸ்லி இங்கிலாந்திலே 1669 முதல் 1742 வரை வாழ்ந்தவர். 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களிற் பாதியளவினரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். கடனும் நோயும் வீட்டை விட்டு அகலவில்லை. 1709இல் வீடே எரிந்துபோயிற்று. வாரத்தில் இன்ன நாள் மாலை இன்ன பிள்ளைக்கு என்று வகுத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக அமர்ந்து பேசியவர். தனியறை இல்லாத அந்த வீட்டிலே அவர் தமது மேலங்கித் துணியைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொள்வாராம். அம்மா ஜெபிக்கிறார் என்று அறிந்து பிள்ளைகள் சத்தம் போடாமல் இருப்பார்களாம். மெதடிஸ்தர் இதனை வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தத் துணியை நினைக்கும்போது எனக்குக் கொங்காணியின் நினைவு வருகிறது. கொட்டும் மழையிலே கொங்காணிக்குள் முகம் மறைந்து நிற்கும் பெண்ணின் உதடுகள் அசைவதைக் கங்காணி காணமாட்டார். சூசன்னாவின் பெயரை அவருடைய பிள்ளைகள் உலகறியச் செய்தார்கள். நமது தாய்மாரின் பெயர்கள் செக்ரோலிலே மட்டும் இருந்தன.

அடுத்ததாக ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கிறிஸ்தவருக்கு அது கர்த்தருடைய நாள், ஓய்வு நாள். தோட்டத்திலோ கொழுந்து மிகுந்த காலங்களில் ஞாயிற்றுக்கிழமை கைக்காசு நாள். பறித்த கிலோவுக்குக் கையிலே காசு. மாதச் சம்பளம் கடைக் கடனுக்கும் கழிவுகளுக்கும் போய்விடும். கைக்காசுதான் பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும். காலைப் பூசை எட்டு மணிக்கு. கைக்காசும் அதே வேளையில். கோயிலோ மூன்று கட்டை தூரம். எந்தப் பக்கம் போவது? கோயிலுக்கு வராத தாயைப் பற்றிப் பிரசங்கத்திலே குறைசொல்வது எளிது. ஆனால் அவள் மலைக்குப் போவது பிள்ளையின் படிப்புக்காக. பிள்ளையைப் பெரிய தாய் ஒருத்தியோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டுத் தான் கூடையோடு ஏறுவாள். பிள்ளை திரும்பி வந்ததும், “இன்றைக்குச் சுவாமி என்ன சொன்னார்?” என்று கேட்பாள். பிள்ளை சொல்லும் அந்த நாலு வார்த்தைதான் அவளுக்கு அன்றைய பிரசங்கம். இதனை உணர்ந்த குருமார் பலர் மாலைநேரத்திலே தோட்டத்திலேயே பூசையையும் ஆராதனையையும் வைத்திருக்கிறார்கள். ஆலயமணி தாயின் நேரத்துக்கு ஏற்ப அடிக்கத் தொடங்கிய இடங்களிலெல்லாம் ஆலயம் நிறைந்தது.

சம்பள நாளும் ஒரு சோதனை நாளே. மனைவியின் சம்பளத்தையும் கணவனே கையேற்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. அதில் எவ்வளவு வீடு வரும், எவ்வளவு சாராயக் கடையிலே நிற்கும் என்பது அவள் கையில் இல்லை. மதுவிலக்குப் பற்றித் திருச்சபைகள் ஓயாது பேசியமைக்கு இது ஒரு காரணம். தோட்டத்துத் தாயின் மன்றாட்டுகளிலே முதலிடம் பெற்றது மோட்சம் அன்று. வீட்டுக்காரர் குடியை விடவேண்டும் என்பதே. அண்மைத் தசாப்தங்களிலே தோட்டங்களில் பெருகிய சுயாதீனச் சபைகளை நோக்கிப் பல பெண்கள் சென்றமைக்கும் இந்த மன்றாட்டே ஒரு வழியாயிற்று. இதனால் லயங்களிலே உறவுகளுக்கிடையே மனத்தாங்கல்கள் ஏற்பட்டதும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மதம் மாறியவளை ஏசுமுன், அவள் எந்தக் கவலையோடு அந்தக் கதவைத் தட்டினாள் என்று கேட்பது நமது கடமையாகும்.

லயத்து வாழ்வின் மற்றப் பக்கமும் இருக்கிறது. ஒரே சுவரின் இரு பக்கங்களிலும் மாரியம்மன் படமும் மாதா சொரூபமும் இருக்கும். பொங்கலுக்கு இந்தப் பக்கத்துப் பொங்கல் அங்கே போகும்; நத்தாருக்கு அந்தப் பக்கத்துப் பலகாரம் இங்கே வரும். மார்கழிக் குளிரிலே நத்தார்க் கீதம் பாடிக்கொண்டு வரும் கூட்டத்துக்கு எங்கள் சைவ வீடுகளிலும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். கிறிஸ்தவத் தாய் பிரசவத்துக்குப் போனால் அவளது மூத்த பிள்ளைகளுக்குச் சோறு போடுபவள் பக்கத்துக் காம்பரா மாரியாயி. மாரியாயி காய்ச்சலிலே கிடந்தால் அவள் தலைமாட்டிலே அமர்ந்து ஜெபிப்பவள் மரியாயி. பெயரிலே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இரவல் அரிசியும் இரவல் நேரமும் கொடுத்து வாங்கிய இந்தப் பெண்களின் உறவே, ஒருவர் மதத்தை மற்றவர் மதிக்கும் பண்பை எங்களுக்குக் கற்றுத்தந்தது.

தமிழ் இலக்கியத்துக்கும் இந்த வீட்டுச் சூழல் புதிதன்று. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, 36 படலங்களையும் 3615 பாடல்களையும் கொண்ட காப்பியம். அதன் தலைவன் அரசன் அல்லன்; தச்சுத் தொழில் செய்த சூசை. வளன் என்று முனிவர் அவருக்குப் பெயரிட்டார். தொழிலாளி ஒருவரின் குடும்பத்தைத் தமிழ்க் காப்பியத்துக்குள் கொண்டுவந்த நூல் அது. மலையகத்திலே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தோட்டத்து மனிதரை எழுத்தில் வைத்தவர் தெளிவத்தை ஜோசப். 1934இற் பிறந்து 2022இல் மறைந்த இவரது ‘காலங்கள் சாவதில்லை’ நாவலும் ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதியும் இத்தொடரின் நேயர்கள் அறிந்தவையே. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ தோட்டத்துப் பெண்ணொருத்தியின் வாழ்வைப் பின்தொடர்ந்த நாவல். இவ்வளவு இருந்தும், தாயின் ஜெபத்தைத் தாயே எழுதிய நூல் நமக்கு இன்னும் வரவில்லை. எழுதுவதற்கும் நேரம் வேண்டுமல்லவா?

நாட்டின் அரசியல் இந்தக் குடும்பங்களைப் பிளந்த காலமும் ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டார்கள். தாய்க்கு ஒரு நாடு, மணமுடித்த மகளுக்கு ஒரு நாடு என்றாயிற்று. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடு அந்த மேடையில் இருக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே ஒப்பாரிதான். போகிறவளின் தகரப் பெட்டிக்குள்ளே மகள் வைத்த செபமாலை போயிற்று. நிற்கிறவளிடம் தாய் தந்த வேதப்புத்தகம் நின்றது. குடும்பமாகக் கூடிச் சொன்ன இராச்செபத்தை இரு கரைகளிலும் தனித்தனியே சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

திருச்சபையும் மாறியது என்பதைச் சொல்லாவிட்டால் வரலாறு முழுமையாகாது. இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இற் கண்டியிலே சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை, சம்பளம், இனங்களுக்கிடையிலான நல்லுறவு ஆகியவற்றுக்காக அது உழைத்தது. துரையின் செலவிலே பிரட்டுக்களத்தில் தொடங்கிய போதனை, ஏறத்தாழ 120 ஆண்டுகளின் பின்னர் பிரட்டுக்களத்தில் நிற்பவரின் பக்கம் வந்து நின்றது. 2023இலே மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்களோடு கிறிஸ்தவ குருமாரும் கன்னியரும் கூடவே நடந்தார்கள்.

இன்றைய நிலை என்ன? பிள்ளைமடுவம் சிறுவர் அபிவிருத்தி நிலையமாயிற்று; சில தோட்டங்களிலே தனிவீடுகள் எழுந்துள்ளன. ஆனால் சம்பளம் போதாமையால் தாய்மார் பலர் மலையைவிட்டே போய்விட்டார்கள். சிலர் கொழும்பிலே வீட்டுவேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும். சிலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு. எனது வகுப்பிலே அம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைக் கைதூக்கச் சொல்வதில்லை; கேட்காமலே தெரியும். ஒரு மாணவி, அம்மம்மாவோடு இருப்பவள், இரவிலே கைத்தொலைபேசியில் அம்மாவோடு சேர்ந்து செபமாலை சொல்வதாக ஒரு கட்டுரையிலே எழுதியிருந்தாள். அங்கே வேலைவீட்டார் உறங்கிய பிறகுதான் அம்மாவுக்கு நேரம். அதுவரை இவள் விழித்திருப்பாளாம். மறுநாட் காலைப் பாடத்திலே அவள் கண்ணயர்வதன் காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. தப்புச் சத்தத்துக்கு முன்னர் ஜெபித்த பாட்டியின் பேத்தி, இப்போது நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஜெபிக்கிறாள். நேரம் இன்னமும் தாய்க்குச் சொந்தமாகவில்லை.

நேயர்களே, கிறிஸ்தவத் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பேசியதிற் பெரும்பகுதி நம் எல்லாத் தாய்மாருக்கும் பொருந்துவதைக் கவனித்திருப்பீர்கள். அன்னையின் பொறுமையைப் புகழ்வதில் நாம் யாருக்கும் குறைந்தவர்களல்லர். புகழ்ச்சி அவளுக்கு ஒரு மணி நேரத்தையும் தந்ததில்லை. தந்தவை நியாயமான சம்பளம், விடுமுறை, பிள்ளைமடுவம், தண்ணீர்க் குழாய், அடுப்பைப் பகிர்ந்துகொள்ளும் கணவன். ஆலயமாயினும் கோயிலாயினும், அவளுடைய பக்தியைக் கேட்குமுன் அவளுடைய நேரத்துக்காகக் குரல் கொடுப்பது நியாயம்.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையிலே ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் அம்மாவின் ஒரு நாளை, எழும்பிய நேரம் முதல் படுத்த நேரம் வரை எழுதிவையுங்கள். இடையிலே அவர் எங்கே, எப்போது, எதற்காகக் கும்பிட்டார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். கோயிற் பதிவேடும் செக்ரோலும் எழுதாமல் விட்டதை நீங்கள் எழுதலாம். எழுதும் அந்த ஒரு நாளிலாவது விறகையும் தண்ணீரையும் நீங்கள் எடுத்து வாருங்கள்.